சகுனம் பார்ப்பவரும் சகுனமாகப் பார்க்கப்படுபவரும்

(எடமலைப்பட்டி புதூரில் நிகழ்ந்த பண்டிதர் அயோத்திதாசர் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1907 முதல் 1914இல் மறையும் வரை பண்டிதர் அயோத்திதாசர் நடத்திய 'தமிழன்' இதழைப் புரட்டினால், அவர் திரும்பத் திரும்பச் செய்த ஒரு வேலை நம் கண்ணில் படும். மக்கள் வாயில் புழங்கும் ஒரு சொல்லை எடுப்பார். இது எங்கிருந்து வந்தது, இதன் பொருளை மாற்றியவர் யார், மாற்றியதால் லாபம் யாருக்கு என்று கேட்பார். அவர் சொன்ன வேர்கள் எல்லாவற்றையும் இன்றைய மொழியியலாளர்கள் ஏற்றுக்கொள்வதில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வியை யாராலும் தள்ளிவிட முடியவில்லை. அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு இன்று ஒரு சொல்லைப் பார்ப்போம். சகுனம் என்பது அந்தச் சொல்.

சகுனத்தைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது, அது ஒரு மூடநம்பிக்கைதானே என்று சிலர் நினைக்கலாம். பூனை குறுக்கே போனால் தண்ணீர் குடித்துவிட்டுப் புறப்படுவது வரைக்கும் அது மூடநம்பிக்கைதான். ஆனால் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியச் சகுனங்களைப் பற்றி 1912இல் ஒரு நூல் வெளியிட்டார். அதில் கெட்ட சகுனங்களுக்கு ஒரு பட்டியல் இருக்கிறது. பாம்பும் முயலும் மின்னலும் அதில் உண்டு. அவற்றோடு சேர்த்து கைம்பெண், பார்வையற்றவர், கால் ஊனமுற்றவர், நோயாளி, தொழுநோயாளி, எண்ணெய் விற்பவர், இரந்துண்பவர் ஆகியோரும் இருக்கிறார்கள். விறகு இருக்கிறது. தோல் இருக்கிறது. அதாவது, யார் உழைப்பில் ஊர் வாழ்ந்ததோ அவர்களில் சிலரும் அவர்கள் கையில் இருந்த பொருளும் பாம்போடு ஒரே வரிசையில் வைக்கப்பட்டிருக்கிறார்கள். அதனால் இந்தச் சொல்லை நாம் விசாரித்தே ஆக வேண்டும். நம்மில் பலர் சகுனம் பார்ப்பவர்கள் அல்லர். சகுனமாகப் பார்க்கப்பட்டவர்கள்.

பறவையும் வாயும்

சகுனம் என்ற வடசொல்லுக்கு முதற்பொருள் பறவை. பறவை பறக்கும் திசையையும் எழுப்பும் குரலையும் வைத்து வருவதைச் சொன்னதால், பறவையைக் குறித்த சொல்லே குறிக்கும் பெயராயிற்று. தமிழிலும் இதே கதைதான். 'புள்' என்றால் பறவை, 'புள்' என்றால் நிமித்தமும்கூட. கிரேக்கத்தில் 'ஓயோனோஸ்' என்ற சொல்லுக்கும் இந்த இரண்டு பொருளும் உண்டு. இலத்தீனில் பறவை 'அவிஸ்', பார்ப்பது 'ஸ்பெக்கெரெ'. இரண்டும் சேர்ந்து 'அவுஸ்பிகியும்' ஆனது. மங்கலமான நேரத்தை ஆங்கிலத்தில் 'ஆஸ்பிஷியஸ்' என்கிறோமே, அது இந்தப் பறவை பார்ப்பதிலிருந்து வந்ததுதான். திறப்பு விழாவை 'இனாகுரேஷன்' என்கிறோம். ரோமில் குறி பார்க்கும் உரிமை பெற்ற அதிகாரிக்கு 'அவுகுர்' என்று பெயர். அவர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு தொடங்குவதுதான் இனாகுரேஷன்.

இது நமக்கு எட்டாத தூரத்துச் செய்தி அல்ல. இங்கிருந்து உறையூர் சில கிலோமீட்டர்தான். உறையூருக்குக் கோழி என்று ஒரு பழம்பெயர் உண்டு. யானையைக் கோழி ஒன்று எதிர்த்து வென்றதைக் கண்ட சோழன், அந்த நிலத்துக்கு ஏதோ வலிமை இருக்கிறது என்று கருதி அங்கே நகரம் அமைத்தான் என்பது கதை. ரோம் நகரம் பிறந்த கதையிலும் பறவை வருகிறது. ரெமுசுக்கு ஆறு கழுகுகள் தென்பட்டன, ரோமுலுசுக்குப் பன்னிரண்டு தென்பட்டன, ஆகவே நகரம் ரோமுலுசுக்கு உரியது என்பார்கள். இரண்டு இடத்திலும் பறவை வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. சொன்னவர்கள் அரசர்கள்.

இனி 'ஓமென்' என்ற இலத்தீன் சொல். இதன் பழைய வடிவம் 'ஒஸ்மென்' என்றும், வாயைக் குறிக்கும் 'ஓஸ்' என்பதிலிருந்து அது வந்தது என்றும் ரோமானிய அறிஞர் வார்ரோ விளக்கினார். இந்த வேரை இன்று எல்லோரும் ஏற்பதில்லை. ஆனாலும் அவர் காலத்து ரோமானியர்கள் ஓமென் என்றதும் வாய்ச்சொல்லை நினைத்தார்கள் என்பது தெரிகிறது. நம்மிடம் இதற்குச் சரியான இணை உண்டு. அதன் பெயர் விரிச்சி. தொல்காப்பியம் அதை வெட்சித்திணையில் சொல்கிறது. முல்லைப்பாட்டில் முதிய பெண்கள் நெல்லும் முல்லைப்பூவும் தூவிக் காத்திருக்கிறார்கள். தாயைத் தேடித் தவிக்கும் கன்றுக்கு ஓர் ஆயர்மகள் ஆறுதல் சொல்கிறாள். அந்தச் சொல்லை நற்சொல்லாகக் கொண்டு, போருக்குப் போன தலைவன் வந்துவிடுவான் என்று தலைவியிடம் சொல்கிறார்கள். கவனியுங்கள். மாடு மேய்க்கும் வீட்டுப் பெண்ணின் வாய்ச்சொல் அங்கே நல்ல நிமித்தம். உழைக்கும் மக்கள் எதிரே வருவதும் பேசுவதும் தீமை என்ற எண்ணம் அந்தக் காட்சியில் இல்லை.

பறைக்கும் இது பொருந்தும். ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களைத் தொல்காப்பியம் அடுக்கும்போது புள்ளையும் பறையையும் அடுத்தடுத்து வைக்கிறது. குறிஞ்சிக்கும் பறை உண்டு, மருதத்துக்கும் பறை உண்டு. 'பறை' என்ற சொல்லுக்கே சொல்லுதல் என்று பொருள். மலையாளத்தில் இன்றும் அதுதான் வழக்கு. அயோத்திதாசர் நம் பெயரையே பறைதலிலிருந்து விளக்கினார். உண்மையை எடுத்துச் சொன்னவர்கள் என்று பொருள் கண்டார். சொல்லும் கருவியாக எல்லா நிலத்துக்கும் பொதுவாக இருந்த பறை, பின்னால் சாவுக்கு மட்டும் உரியது, மங்கல வீட்டுக்கு ஆகாதது என்று ஒதுக்கப்பட்டது. கருவியில் எதுவும் மாறவில்லை. அடிப்பவரைப் பற்றிய தீர்ப்பு மாறியது.

அருவருப்பாக மாறிய குறி

ஓமென் இலத்தீனில் நல்லதற்கும் வரும், கெட்டதற்கும் வரும். அதிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த 'ஆமினஸ்' கெட்டதற்கு மட்டுமே வருகிறது. இடப்பக்கத்தைக் குறித்த 'சினிஸ்டர்' என்ற சொல்லும் இப்படித்தான். தெற்கு நோக்கி நின்று குறி பார்த்த ரோமானியருக்குக் கிழக்கு இடக்கைப் பக்கம் இருந்தது, ஆகவே இடம் நல்லது. வடக்கு நோக்கி நின்ற கிரேக்கருக்கு இடம் கெட்டது. நிற்கும் திசை மாறினால் நன்மை தீமையாகிவிடுகிறது. அந்தச் சொல் இன்று ஆங்கிலத்தில் கொடியதைக் குறிக்கிறது.

இந்தக் குடும்பத்தில் நாம் மறக்கக் கூடாத சொல் இன்னொன்று உண்டு. 'அபாமினபிள்'. கெட்ட சகுனம் என்று கருதி முகம் திருப்பி விலக்குவது இலத்தீனில் 'அபோமினாரி'. முதலில் அது குறியிலிருந்து விலகுவதுதான். பிறகு விலக்கப்பட்டது அருவருப்பானது என்று பொருள் மாறியது. அதோடு நிற்கவில்லை. இடைக்கால ஐரோப்பாவில் அந்தச் சொல்லின் வேரைத் தவறாகப் புரிந்துகொண்டு, 'அப் ஓமினே', அதாவது மனிதத்தன்மையிலிருந்து விலகியது, என்று கொண்டார்கள். அதற்கேற்ப நடுவில் ஓர் எழுத்தைச் சேர்த்தும் எழுதினார்கள். குறி என்று விலக்கினார்கள், விலக்கியதை அருவருத்தார்கள், அருவருத்ததை மனித இனத்துக்கு வெளியே வைத்தார்கள். ஒரு சொல் ஐரோப்பாவில் நடந்துபோன இந்தப் பாதையில் இங்கே மக்கள் நடத்தப்பட்டார்கள். எதிரே வராதே என்பது தொடக்கம். தீட்டு என்பது அடுத்த படி. நீ ஊருக்குள் சேர்ந்தவன் அல்லன் என்பது கடைசிப் படி.

திருவரங்கத்தில் திருப்பாணாழ்வார் கதையை எல்லோரும் அறிவோம். உறையூர்ப் பாணர். காவிரிக் கரையில் பாடி நிற்கிறார். திருமஞ்சன நீர் எடுத்துப்போகும் லோகசாரங்கர் வழியில் அவர் நிற்கிறார் என்று கல் விழுகிறது. பிறகு அரங்கனே ஆணையிட, லோகசாரங்கர் அவரைத் தோளில் சுமந்து கோவிலுக்குள் கொண்டுபோகிறார். பாணர் இறைவனோடு கலந்துவிடுகிறார். சங்க காலத்தில் அரசர்களிடம் உரிமையோடு பரிசு கேட்டவர்கள் பாணர்கள். அவர்களில் ஒருவர் ஆற்றங்கரையில் எதிரே நின்றதே குற்றம் என்று ஆகும் நிலைக்கு வந்திருக்கிறது சமூகம் என்பதை இந்தக் கதை சொல்லிவிடுகிறது. ஒருவரைத் தோளில் தூக்கினார்கள். அவர் திரும்பி வரவில்லை. அவருடைய தெருவுக்குக் கோவில் திறந்ததாகக் கதை சொல்லவில்லை.

குறி பார்க்கும் உரிமை யாருக்கு?

ரோமில் பத்ரீஷியர் என்ற உயர்குடிகளும் பிளெபியர் என்ற பொதுமக்களும் இருந்தார்கள். பிளெபியர்கள் ஏன் கான்சல் ஆகக் கூடாது என்று கேட்டபோது வந்த பதிலை வரலாற்றாசிரியர் லிவி எழுதிவைத்திருக்கிறார். பறவைக்குறி பார்க்கும் உரிமை பிளெபியருக்கு இல்லை என்பதே அந்தப் பதில். இரு பிரிவினரும் மணம் செய்துகொள்வதற்கும் பன்னிரு பலகைச் சட்டத்தில் தடை இருந்தது. கலப்பு மணத்தில் பிறக்கும் பிள்ளை யாருடைய குறிக்கு உரியது என்று தெரியாமல் போகும் என்றார்கள். கி.மு. 445இல் கனுலெயுஸ் என்ற மக்கள் தலைவர் போராடி அந்தத் தடையை நீக்கினார். கி.மு. 367இல் கான்சல் பதவி பிளெபியருக்குத் திறந்தது. குறி பார்க்கும் அவுகுர் குழுவுக்குள் பிளெபியர்கள் நுழைய கி.மு. 300இன் ஒகுல்னியச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆட்சிப் பதவியை முதலில் விட்டுக்கொடுத்தார்கள். குறிசொல்லும் பதவியைக் கடைசி வரை பிடித்து வைத்திருந்தார்கள். இதை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஏன் அப்படிப் பிடித்து வைத்திருந்தார்கள் என்பதற்குக் கி.மு. 215இல் விடை கிடைக்கிறது. இரண்டு கான்சல்களும் பிளெபியர்களாக இருக்கும் நிலை முதன்முதலாக வந்தது. மார்செல்லுஸ் பதவியேற்கும்போது இடி இடித்தது. அவுகுர்களை அழைத்தார்கள். தேர்தலில் குறை இருக்கிறது என்றார்கள் அவர்கள். இரண்டு பிளெபியர்கள் ஒன்றாகக் கான்சல் ஆனது தெய்வங்களுக்குப் பிடிக்கவில்லை என்று பத்ரீஷியர்கள் பரப்பினார்கள். மார்செல்லுஸ் விலகினார். அந்த இடத்துக்கு வந்தவர் ஃபேபியுஸ் மேக்சிமுஸ். அவர் பத்ரீஷியர். அவரும் ஓர் அவுகுர்.

கி.மு. 59இல் அரசு நிலத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் சட்டத்தைச் சீசர் கொண்டுவந்தார். சீசர் ஏழைப் பங்காளர் என்று சொல்ல நாம் வரவில்லை. அந்தச் சட்டத்தை எதிர்த்த சக கான்சல் பிபுலுஸ் எடுத்த ஆயுதத்தைத்தான் காட்ட வருகிறோம். அவர் வீட்டுக்குள் இருந்துகொண்டு, நான் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று அறிவிப்பு அனுப்பிக்கொண்டே இருந்தார். ஓர் அதிகாரி வானத்தில் குறி பார்த்துக்கொண்டிருந்தால் மக்கள் அவை கூடக் கூடாது என்பது விதி. நிலத்தைத் தடுக்க வானத்தைப் பார்த்தார்கள்.

தெல்பியிலிருந்து வேங்கைவயல் வரை

அண்ணல் அம்பேத்கர் 'சாதியை அழித்தொழித்தல்' உரையை 1936இல் லாகூர் மாநாட்டுக்காக எழுதினார். மாநாடு கைவிடப்பட்டது, உரை நிகழவில்லை, அவரே அச்சிட்டு வெளியிட்டார். அந்த உரையில் ரோமானியப் பிளெபியர்கள் வருகிறார்கள். பிளெபியர்கள் தங்கள் பிரதிநிதியைக் கான்சலாகத் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் அவர் தெய்வத்துக்கு ஏற்புடையவர் என்று தெல்பியின் குறிமேடை சொன்னால்தான் பதவி. குறிசொல்லும் பூசாரிகள் பத்ரீஷியர்கள். தன் மக்களுக்காக உறுதியாக நிற்கக்கூடிய ஒருவரை பிளெபியர்கள் தேர்ந்தெடுத்தால், தெய்வம் அவரை ஏற்கவில்லை என்று குறி வரும். பணிந்துபோகக்கூடியவரை ஏற்கும். அம்பேத்கர் அதோடு விடவில்லை. பிளெபியர்கள் ஏன் இதற்கு இணங்கினார்கள் என்று கேட்கிறார். அவர்களும் அந்தத் தெய்வ வாக்கை நம்பினார்கள், ஆகவே ஏமாற்றப்பட்டார்கள் என்கிறார். சமய அதிகாரத்தைத் தொடாமல் அரசியல் அதிகாரத்தை மட்டும் பெறுவது ஓட்டைப் பானையில் நீர் சேர்ப்பது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டியதில்லை.

தெல்பி நமக்குப் பக்கத்து மாவட்டத்திலேயே இருக்கிறது. 2022 டிசம்பர் இறுதியில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், நம் மக்கள் குடிக்கும் நீர்த்தொட்டியில் மலம் கலக்கப்பட்டது தெரியவந்தது. விசாரிக்க வந்த மாவட்ட ஆட்சியரிடம், இறையூர் அய்யனார் கோவிலுக்குள் எங்களை விடுவதில்லை என்றும் மக்கள் சொன்னார்கள். ஆட்சியர் அவர்களை அழைத்துக்கொண்டு கோவிலுக்குள் போனார். அப்போது ஒருவர் சாமி வந்ததுபோல் ஆடினார். சாமியின் வாக்காக, இவர்கள் உள்ளே வரக் கூடாது என்று இழிவாகப் பேசினார். அவர் மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவாகிக் கைதும் நடந்தது.

ஆட்டத்தை நிறுத்தியது பகுத்தறிவுப் பிரசாரம் அல்ல. சட்டம் ஆட்டத்தைச் சாமியின் வாக்காகக் கேட்கவில்லை. ஒரு மனிதர் சொன்ன சொல்லாகக் கேட்டது. வார்ரோ சொன்னதுபோல் குறி வாயிலிருந்து வருகிறது என்றால், அந்த வாய்க்கு ஓர் ஆள் இருக்கிறார், அந்த ஆளுக்கு ஒரு சாதியும் இருக்கிறது. அரசு அன்று பார்த்தது அதைத்தான்.

சேரியின் சகுனம்

நேர்மையாக இன்னொரு பக்கத்தையும் பேச வேண்டும். தஞ்சை மாவட்டத்தில் பறையரும் பள்ளரும் சக்கிலியரும் தங்கள் தெருவுக்குள் பிராமணர் நுழைவதைக் கடுமையாக எதிர்த்தார்கள், நுழைந்தால் தீங்கு வரும் என்று நம்பினார்கள் என்று ஹெமிங்வே எழுதிய 1906ஆம் ஆண்டுத் தஞ்சை கெஜட்டியர் பதிவு செய்கிறது. அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட 'தீண்டப்படாதோர்' நூலில் இதை எடுத்துக்காட்டி, தீண்டாமையின் வேரில் இரு தரப்புப் பகை இருந்திருக்க வேண்டும் என்று வாதிட்டார். அயோத்திதாசரும் இந்த வழக்கத்தைப் பழைய பௌத்தப் பகையின் எச்சமாகவே பார்த்தார்.

அப்படியென்றால் இரண்டும் ஒன்றுதானா? அவர்களுக்கு நாம் அபசகுனம், நமக்கு அவர்கள் அபசகுனம், கணக்குச் சரியாகிவிட்டதா? இல்லை. அக்ரகாரத்தின் சகுனம் நம்மிடமிருந்து தெருவையும் குளத்தையும் கோவிலையும் பள்ளியையும் பறித்தது. சேரியின் சகுனம் யாருடைய குளத்தையும் பறிக்கவில்லை. அது ஒரு வேலி. தன் தெருவின் மீதாவது தனக்கு அதிகாரம் உண்டு என்று சொல்லிய வேலி. ஆனாலும் அந்த வேலியை நாம் இன்று கொண்டாடத் தேவையில்லை. உரிமையைச் சட்டத்தின் மொழியில் கேட்கக் கற்றுக்கொண்ட பிறகு குறியின் மொழி நமக்கு எதற்கு?

இதை நம் தெருக்களிலும் கேட்க வேண்டும். அம்பேத்கர் சிலை திறப்புக்கு ராகுகாலம் பார்க்கும் அழைப்பிதழ்களை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். கணவரை இழந்த சகோதரியைக் கல்யாண மேடையில் ஏறவிடாத வீடுகள் நம் தெருவிலும் இருக்கின்றன. தர்ஸ்டனின் பட்டியலில் தோலுக்குப் பக்கத்தில்தான் கைம்பெண்ணும் இருக்கிறார். அந்தப் பட்டியலிலிருந்து நம் பெயரை மட்டும் அடித்துவிட்டு அவர் பெயரை விட்டுவைக்க முடியாது. ரோமில் மணத்தடையைக் குறியின் பெயரால்தான் நியாயப்படுத்தினார்கள். இங்கே புரோகிதரும் அக்கினியும் இல்லாத சுயமரியாதைத் திருமணம் 1967ஆம் ஆண்டுச் சட்டத்தால் செல்லத்தக்கதாயிற்று. அந்தச் சட்டம் இருந்தும் நாள் குறிக்க இன்னொருவர் வாசலில் நிற்பது பிளெபியர்கள் செய்த அதே காரியம்.

இன்றைய வானம் பார்ப்பவர்கள்

இன்று அதிகாரிகள் யாரும் பறவை பார்ப்பதில்லை. அந்த இடத்துக்கு வேறொரு குறிச்சொல் வந்திருக்கிறது. 'சட்டம் ஒழுங்கு கெடும்' என்பது அந்தச் சொல். நம் மக்கள் கோவிலுக்குள் போகக் கேட்டால் சட்டம் ஒழுங்கு கெடும். திருமண ஊர்வலம் பொதுத்தெருவில் போனால் கெடும். தலித் ஊராட்சித் தலைவர் சுதந்திர தினத்தில் கொடியேற்றினால் கெடும். 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளரே மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதி, தலித் ஊராட்சித் தலைவர்கள் இடையூறின்றிக் கொடியேற்றுவதை உறுதிசெய்யச் சொல்ல வேண்டியிருந்தது. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதி திரௌபதி அம்மன் கோவிலுக்கு 2023 ஜூனில் சீல் வைத்தபோதும் சொன்ன காரணம் இதுதான். பஞ்சமி நிலத்தை மீட்கப் போனால் 'நேரம் சரியில்லை' என்பார்கள். பிபுலுஸ் அனுப்பிய அறிவிப்புக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

வேறுபாடு ஒன்று உண்டு. இடியை அவுகுர்கள் உண்டாக்கவில்லை. இங்கே கலவரம் வரும் என்று எச்சரிப்பவர்களில் பலர், அதை உண்டாக்கப் போகிறவர்களின் உறவினர்கள். எதிரிக்குச் சகுனத்தடை ஆகட்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொண்டவன் கதை நம் பழமொழியில் இருக்கிறது. இவர்கள் அடுத்தவர் மூக்கை அறுத்துவிட்டு, பார் சகுனம் சரியில்லை என்கிறார்கள்.

இதற்கு என்ன செய்வது? செயற்பாட்டாளர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேலையைச் சொல்லி முடிக்கிறோம். அடுத்த முறை ஓர் அதிகாரி சட்டம் ஒழுங்கு கெடும் என்று சொன்னால், அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். கெடுக்கப் போகிறவர் யார் என்று கேளுங்கள். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, வன்கொடுமை நடக்கக்கூடும் என்று கருதினால் முன்கூட்டியே தடுப்பு நடவடிக்கை எடுக்க மாவட்ட நிர்வாகத்துக்கும் காவல்துறைக்கும் அதிகாரம் தருகிறது. குற்றம் செய்யக்கூடியவரை அந்தப் பகுதியிலிருந்து வெளியேற்ற 10ஆம் பிரிவு வழிசெய்கிறது. கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசு ஊழியருக்கு 4ஆம் பிரிவில் தண்டனை உண்டு. ஆபத்து வருவதை முன்கூட்டியே அறிந்தேன் என்று ஓர் அதிகாரி சொன்னால், சட்டத்தின்படி அவருடைய வேலை அங்கே தொடங்குகிறது. நம்மைத் திருப்பி அனுப்புவது அந்த வேலை அல்ல.

பதிலை எழுத்தில் வாங்கிவையுங்கள். அடுத்த ஆண்டு இந்த அவையில் அந்தக் கடிதங்களைப் படிப்போம். குறி சொன்ன வாய் எது, கையெழுத்திட்ட கை எது என்பதை ஊருக்குப் பறைவோம்.